சட்டையைக் கழட்டு மச்சி!

ஐஸ்லாந்துல ஒரு நாள் டூருக்கு புக் பண்ணின உடனே மெயில் வந்துச்சு. 'என்னென்ன எடுத்துட்டு வரணும்?'னு ஒரு லிஸ்ட். மழை கோட்டு, வழுக்காத ஷூ, கையுறை, குல்லா... அதுவரைக்கும் ஓகே. கடைசி ரெண்டு ஐட்டம்தான் இடிச்சுது. நீச்சல் டிரெஸ், துண்டு!

"வெளிய அஞ்சு டிகிரிடா. இதுல எங்க போய்க் குளிக்கச் சொல்றாங்க?"னு கேட்டான் என் ரூம்மேட்.

"பூமிக்கு அடியிலேர்ந்து வெந்நீர் வருதாம் மச்சி. கீஸரும் வேணாம், கரண்ட் பில்லும் வேணாம்"னு நான் சிரிச்சேன். அவன் சிரிக்கலை. துண்டை மட்டும் எடுத்து பையில வெச்சான். நான் அதை அப்போ கவனிக்கலை. கவனிச்சிருக்கணும்.

செப்டம்பர் கடைசி. காலை எட்டரை மணி. ரெய்க்யாவிக் பஸ் ஸ்டாப்புல பல்லு தந்தியடிக்க நின்னோம். ரெய்க்யாவிக்னா 'புகை வளைகுடா'னு அர்த்தமாம். முதன்முதலா கப்பல்ல வந்தவங்க, வெந்நீர் ஊற்றுலேர்ந்து கிளம்பின ஆவியைப் பார்த்துட்டுப் புகைன்னு நினைச்சு வெச்ச பேருன்னு சொல்றாங்க. ஒரு மினி பஸ் வந்து நின்னுச்சு. கதவைத் திறந்தவர் எழுபது வயசுத் தாத்தா. டிரைவரும் அவரே, கைடும் அவரே. ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார். காதுல மைக்கை மாட்டிக்கிட்டு, "லேட்டா வர்றவங்களுக்காக நான் அஞ்சு நிமிஷம் காத்திருப்பேன். ஆறாவது நிமிஷம் நீங்க ஐஸ்லாந்து குடிமக்கள்"னு ஆரம்பிச்சார். பஸ்ஸே கொல்!

இந்த ரூட்டுக்கு 'கோல்டன் சர்க்கிள்'னு பேரு. தங்க வட்டம். ஒரு தேசியப் பூங்கா, ஒரு வெந்நீர் ஊற்று, ஒரு அருவி... எல்லாத்தையும் ஒரே நாள்ல சுத்திட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு ரூமுக்கு வந்துடலாம்.

ரெண்டு கண்டத்துக்கு நடுவுல

முதல் ஸ்டாப், திங்வெட்லிர். ரெய்க்யாவிக்லேர்ந்து முக்கால் மணி நேரம். இறங்கினா, ரெண்டு பக்கமும் கறுப்புப் பாறை மதில் மாதிரி எழுந்து நிக்குது. நடுவுல பாதை. கீழே சமவெளி முழுக்க குட்டையான பிர்ச் செடிகள், மஞ்சளும் சிவப்புமா எரியுது.

நம்ம பூமியோட மேல்தோடு ஒரே துண்டு இல்லை, பல தட்டுகள்னு ஸ்கூல்ல படிச்சிருக்கோம்ல? வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் விலகிப் போற கோடு இந்த நாட்டுக்குக் குறுக்கால போகுது. வருஷத்துக்கு சுமார் 2 செ.மீ. விலகுதாம். நம்ம நகம் வளர்ற வேகத்தைவிட ஸ்லோ. ஆனா நகத்தை வெட்டிடலாம், இதை ஒண்ணும் பண்ண முடியாது!

ஒரு பாறை இடுக்குல ஆளுக்கொரு பக்கமா காலை வெச்சு, 'ஒரு கால் அமெரிக்கா, ஒரு கால் ஐரோப்பா'னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. நாங்களும் க்யூல நின்னோம். தாத்தா சிரிச்சுட்டார். "எடுங்க எடுங்க. ஆனா ஒரு தட்டோட ஓரம்தான் இந்த மதில். அடுத்த தட்டோட ஓரம் பல கிலோமீட்டர் தள்ளி, அதோ அந்தப் பக்கம். நடுவுல இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கு மொத்தமும் கிழிசல்தான்"னார். 1789-ல வந்த நிலநடுக்கத்துல இந்தத் தரை அப்படியே கீழே இறங்கிடுச்சாம்.

இந்தக் கிழிசல்லதான் 930-ம் வருஷம் ஐஸ்லாந்துக்காரங்க தங்களோட பார்லிமென்ட்டை ஆரம்பிச்சிருக்காங்க. பேரு 'ஆல்திங்'. கட்டடம் கிடையாது. திறந்தவெளி. வருஷா வருஷம் கோடையில நாடு முழுக்க இருந்து குதிரையில வந்து கூடுவாங்க. ஆரம்ப காலத்துல சட்டம் எழுத்துல இல்லை. 'சட்டம் சொல்பவர்'னு ஒருத்தர் பாறை மேல நின்னு மனப்பாடமா ஒப்பிக்கணும். வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு. மூணு வருஷத்துல முழு சிலபஸும் ஓவர். நாமெல்லாம் ஒரு யூனிட்டை சாய்ஸ்ல விடுற ஆளுங்க!

1944 ஜூன் 17-ல ஐஸ்லாந்து குடியரசானதையும் இங்கே வெச்சுத்தான் அறிவிச்சாங்க. 2004-லேர்ந்து இது யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னம்.

கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன பாலத்துக்குக் கீழே ஆறு வளைஞ்சு ஆழமா நிக்குது. கண்ணாடி மாதிரி தண்ணி. 'அட, சூப்பர்'னு மொபைலை எடுத்தேன். "இதோட பேரு என்ன தெரியுமா? மூழ்கடிக்கிற மடு"ன்னார் தாத்தா. பஸ்ல அடிச்ச ஜோக் குரல் இல்லை அது.

1564-ல இங்கே ஒரு கொடூரமான சட்டம் வந்திருக்கு. 'பெரிய தீர்ப்பு'னு பேரு. தகாத உறவு, கல்யாணமாகாம பெத்த குழந்தையை மறைக்கக் கொன்னது... இப்படிக் குற்றம் சுமத்தப்பட்டவங்களுக்கு மரண தண்டனை. ஆம்பளைங்களுக்குத் தலையை வெட்டுறது. பொம்பளைங்களை இந்த மடுவுல மூழ்கடிக்கிறது. அப்படி இங்கே உயிரை விட்ட பெண்கள் 18 பேர்.

"வெட்கப்பட வைக்கிறதுக்கு மனுஷன் எவ்வளவு தூரம் வேணாலும் போவான்"னு சொல்லிட்டு தாத்தா நடக்க ஆரம்பிச்சார். நான் மொபைலைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

வெந்நீர் இருந்தாத்தான் ஞானஸ்நானம்!

அங்கேர்ந்து கிளம்பி லாய்கர்வாட்ன்கிற ஏரியைத் தாண்டிப் போனோம். இங்கே ஒரு ஜாலி சரித்திரம் உண்டு. சுமார் 1000-ம் வருஷம், ஆல்திங்ல கூடி நாடே கிறிஸ்துவ மதத்துக்கு மாறுறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. சரி, ஞானஸ்நானம் எடுக்கணுமே? பல தலைவர்கள், 'இந்தப் பச்சைத் தண்ணியில முங்க மாட்டோம்'னு அடம்! வீடு திரும்புற வழியில இந்த ஏரிக்கரை வெந்நீர் ஊற்றுக்கு வந்துதான் ஞானஸ்நானம் வாங்கினாங்களாம். மார்கழிக் காலையில பாத்ரூம் வாசல்ல நின்னு தயங்குற அத்தனை பேருக்கும் இவங்கதான் குலதெய்வம்.

இந்த ஏரிக்கரையில சூடான மண்ணுக்குள்ள பாத்திரத்தைப் புதைச்சு, ஒரு நாள் முழுக்க வெச்சு கம்பு மாதிரி ஒரு தானியத்துல ரொட்டி சுடுறாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போனா கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள, பூமிச் சூட்டுல, பனிக்காலத்துலயும் தக்காளி காய்க்குது. ஐஸ்லாந்துல பத்துல ஒன்பது வீடுகளுக்கு ஹீட்டர் ஓடுறது பூமிக்கு அடியில இருக்கிற வெந்நீர்லதான். குழாயைத் திறந்து ஹாட் வாட்டர்ல முகம் கழுவினா லேசா முட்டை வாடை வரும். கந்தகம்!

பூமியோட பிரஷர் குக்கர்

அந்த முட்டை வாடை பஸ்ஸுக்குள்ளேயே வர ஆரம்பிச்சா, கெய்சிர் வந்தாச்சுன்னு அர்த்தம். தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற ஊற்றுக்கு உலகமே 'கீஸர்'னு சொல்லுதே, அந்தப் பேரு இந்த ஒரு ஊற்றுலேர்ந்து வந்ததுதான். நம்ம வீட்டு பாத்ரூம்ல தொங்குற கீஸருக்கும் இதுதான் தாத்தா!

ஆனா ஒரிஜினல் கெய்சிர் இப்போ ரிட்டயர்டு. எப்போவாவது ஒரு நிலநடுக்கம் எழுப்பி விட்டா மட்டும் பொங்கும். 2000-ல அப்படிக் கொஞ்ச நாள் பொங்கியிருக்கு. ஒரு காலத்துல சோப்பைக் கொட்டி வலுக்கட்டாயமா பொங்க வெச்ச கூத்தெல்லாம் நடந்திருக்கு. இன்னொரு காமெடி... 1894-ல இந்த இடத்தை ஜேம்ஸ் கிரெய்க்னு ஒருத்தர் விலைக்கே வாங்கி, வேலி போட்டு டிக்கெட் வசூல் பண்ணியிருக்கார். பின்னால வட அயர்லாந்தோட பிரதமர் ஆனவர் அவர்.

இப்போ ஷோ காட்டுறது பக்கத்துல இருக்கிற தம்பி ஸ்ட்ரோக்கூர். பேருக்கு அர்த்தம், வெண்ணெய் கடையிற பானை. அஞ்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கரெக்டா கடையுது. குழி சும்மா தளும்பிட்டு இருக்கும். திடீர்னு நீலக் கலர்ல ஒரு பெரிய குமிழ் எழும்பும். அடுத்த நொடி... விஷ்ஷ்ஷ்! 15, 20 மீட்டர் உயரத்துக்கு வெள்ளைத் தூண். மூட் வந்தா 40 மீட்டர்கூடப் போகுமாம்.

லாஜிக் சிம்பிள். குழாய் மாதிரி ஆழமான துளை. அடியில இருக்கிற தண்ணியை மேல இருக்கிற தண்ணி அமுக்குது. அந்த அழுத்தத்துல அடித்தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும், குக்கருக்குள்ள மாதிரி. ஒரு கட்டத்துல கொஞ்சம் ஆவி மேல கிளம்பி, மேல இருக்கிற தண்ணியைத் தள்ளிவிட்டா அழுத்தம் குறையும். அவ்வளவுதான்... அடியில இருக்கிறது மொத்தமும் ஒரே நொடியில கொதிச்சு வெடிக்கும். கெமிஸ்ட்ரி லேப்ல பர்னர் பத்த வெச்சிருப்பீங்களே, அந்த பன்சன், 1846-ல இங்கே வந்து ஆராய்ச்சி பண்ணித்தான் இந்த ரகசியத்தை விளக்கினார்.

குழியைச் சுத்திக் கட்டியிருந்தது வெறும் கயிறு. முழங்கால் உயரம்கூட இல்லை. செல்ஃபிக்காக நான் கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலைத் தூக்கினேன். பின்னாலேர்ந்து சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தான் ரூம்மேட். "லூஸாடா நீ? கொதிக்கிற தண்ணிடா!" தாத்தாவும் பார்த்துட்டார். திட்டலை. "மதில் கட்டினா ஏறிக் குதிப்பாங்க. கயிறு கட்டினா யோசிப்பாங்கன்னு நம்புறோம்"னு மட்டும் சொன்னார். மானம் போச்சு.

அருவியை விட்டுக்கொடுக்காத அக்கா

பத்து கிலோமீட்டர் தள்ளி குல்ஃபாஸ். தங்க அருவி. பார்க்கிங்ல நின்னே, ஹாஸ்டல் கிச்சன்ல கிளறி எடுத்துட்டு வந்த புளியோதரையைக் காலி பண்ணினோம். குளிர்ல கல்லா இருந்துச்சு. அமிர்தம்!

பனிமலை உருகி வர்ற ஹ்வீட்டா ஆறு, முதல்ல 11 மீட்டர், அப்புறம் சட்டுனு திரும்பி 21 மீட்டர், ரெண்டு படியா ஒரு பிளவுக்குள்ள விழுது. மேலேர்ந்து பார்த்தா ஆறு பூமிக்குள்ள காணாமப் போற மாதிரி இருக்கு. பேச முடியலை. சாரல் முகத்துல ஊசியா குத்துது.

பாதை ஓரத்துல ஒரு பெண்ணோட முகம் செதுக்கின கல். சிக்ரிதுர் தோமஸ்தோத்திர். 'தோத்திர்'னா மகள். தோமஸோட மகள் சிக்ரிதுர். இவங்களுக்கு குடும்பப் பேரு கிடையாது பாஸ், நம்ம ஊர் இனிஷியல் மாதிரி அப்பா பேருதான்.

இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல இந்த அருவியில அணை கட்டி கரண்ட் எடுக்க வெளிநாட்டு முதலாளிங்க கண்ணு வெச்சாங்க. அருவி பாதி இவங்க அப்பாவோட நிலத்துல. அவரு, 'நண்பனை விக்க மாட்டேன்'னு சொன்னதா ஊர்ல ஒரு கதை. ஆனாலும் குத்தகை வேற கைக்குப் போயிடுச்சு. ஸ்கூல் படி ஏறாத சிக்ரிதுர், சேமிச்ச காசையெல்லாம் போட்டு கேஸ் நடத்தினாங்க. ரெய்க்யாவிக்குக்கு 100 கி.மீ.க்கு மேல. அவ்வளவு தூரத்தையும் பல தடவை நடந்தே போனாங்க. 'அணை கட்டினா அருவியில குதிச்சிடுவேன்'னாங்க.

சினிமான்னா கோர்ட்ல ஜெயிச்சிருக்கணும். ஜெயிக்கலை! தோத்துட்டாங்க. ஆனா இழுத்தடிச்ச வருஷங்கள்ல திட்டம் நொண்டி, குத்தகைப் பணம் கட்டாம, 1920-கள் முடியறப்போ ஒப்பந்தமே காலாவதி ஆயிடுச்சு. அருவி தப்பிச்சுது. 1979-ல சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாச்சு. அவங்களுக்கு வாதாடின வக்கீல் ஸ்வெய்ன் பியோர்ன்சன்தான் 1944-ல ஐஸ்லாந்தோட முதல் ஜனாதிபதி.

கடைசி ஸ்டாப், குளியல்!

மணி மூணு. ஃப்ளூதிர்ங்கிற கிராமம். 'சீக்ரெட் லகூன்'. 1891-ல கட்டின குளம். ஊர்க்காரங்க நீச்சல் கத்துக்கிட்டு, அப்புறம் மறந்தே போன குளத்தை 2014-ல சுத்தம் பண்ணித் திறந்திருக்காங்க. சுத்தி புல், பாசி, குபுகுபுன்னு கொதிக்கிற ஊற்றுகள். நடுவுல 38, 40 டிகிரியில ஆவி பறக்கிற பெரிய குளம்.

எல்லாரும் இறங்கினோம். ரூம்மேட் சீட்டை விட்டு எழுந்திருக்கலை. "நீ போயிட்டு வாடா. நான் பஸ்லயே இருக்கேன். ஜலதோஷம்."

"டேய், டிக்கெட்ல சேர்த்து காசு கட்டியிருக்கோம். ஓவரா சீன் போடாதே குண்டா"ன்னேன். காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல நான் வெச்ச பேரு. க்ளாஸ் முழுக்க ஹிட்டான பேரு.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னான்... "நாலு வருஷமும் குற்றாலம் போனோம். நாலு வருஷமும் நான் மட்டும் டி-ஷர்ட்டோட குளிச்சேன். ஏன்னு ஒரு நாளாச்சும் கேட்டியாடா?"

எனக்கு வார்த்தை வரலை. காலையில காலரைப் பிடிச்சு இழுத்த கை அவனோடது.

தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா நாற்பது வருஷம் வாத்தியாரா இருந்தவர். முகத்தைப் பார்த்தே புரிஞ்சிருக்கும். வந்து எதிர் சீட்டுல உட்கார்ந்தார். "உள்ளே ஒரு விஷயம் இருக்கு. முதல்லயே சொல்லிடறேன். குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி, டிரெஸ் எதுவும் இல்லாம சோப்பு போட்டுக் குளிக்கணும். ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. கண்டிப்பான ரூல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எதுவும் இல்லாமயா?!"

"தண்ணியில நாங்க கெமிக்கல் கொட்டுறதில்லை. அதனால அழுக்கோட யாரும் இறங்கக் கூடாது. காரணம் அவ்வளவுதான்"னார். அப்புறம் மெதுவா... "எங்க ஊர்ல மீனவர்கள் கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துல மூழ்கிச் செத்திருக்காங்க, நீச்சல் தெரியாம. அதனால 1940-லேர்ந்து ஸ்கூல்ல நீச்சல் கட்டாயம். எங்க ஊர்ப் பிள்ளைங்க ஆறேழு வயசுலேர்ந்து எல்லார் உடம்பையும் பார்த்து வளருது. தொப்பை, தழும்பு, ஆபரேஷன் தையல், எலும்பு, கிழவன், குழந்தை... உடம்புன்னா இப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. உங்க ரெண்டு பேரையும் அங்கே யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. நீங்க அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை!"

ரூம்மேட் முகத்துல அன்னிக்கு முதல் சிரிப்பு. எழுந்தான்.

ஷவர் ரூம் சுவத்துல ஒரு படம். மனுஷ உருவம் வரைஞ்சு, எங்கெங்கே தேய்ச்சுக் குளிக்கணும்னு சிவப்புல மார்க் பண்ணியிருக்காங்க. தலை, அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம். டயக்ராம் போட்டு பாகங்களைக் குறி!

இப்போதான் கிளைமாக்ஸ். ரூம்மேட் டக்குனு சட்டையைக் கழட்டி, டக்குனு குளிச்சு, நீச்சல் டிரெஸ்ஸோட ரெடி. துண்டைக் கட்டிக்கிட்டு மூலையில நடுங்கிட்டு நின்னது யாரு? சாட்சாத் நான்தான். எண்ணிப் பார்க்கலாம்ங்கிற மாதிரி விலா எலும்பு எனக்கு. அடுத்தவனுக்கு முதல்ல ஒரு பேரை வெச்சுட்டா, நம்மளை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு ஒரு கணக்கு. நாலு வருஷமா நான் போட்ட கணக்கு.

"சட்டையைக் கழட்டு மச்சி. நீ அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை"ன்னான் அவன். அதே தாத்தா குரல்ல!

கழட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கலை. எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர் விசிலடிச்சுக்கிட்டே தலைக்கு சோப்பு போட்டுட்டிருந்தார்.

வெளியே ஓடினா அஞ்சு டிகிரி காத்து அறையுது. பத்து அடி ஓட்டம். படியில கால் வெச்சதும்... ஆஹா! கழுத்து வரைக்கும் வெந்நீர். மேல மழைத் தூறல். பக்கத்துல ஒரு குட்டி ஊற்று அப்பப்போ ஸ்ட்ரோக்கூர் மாதிரி மிமிக்ரி பண்ணிட்டிருந்துச்சு. குண்டு, ஒல்லி, கிழவி, குழந்தை எல்லாரும் கழுத்துக்கு மேல ஒரே மாதிரிதான் தெரிஞ்சாங்க.

"சாரிடா"ன்னேன்.

"எதுக்கு?"

"பேருக்கு."

அவன் பதில் சொல்லலை. ஒரு கை வெந்நீரை அள்ளி என் மூஞ்சியில அடிச்சான். ஏத்துக்கிட்டான்னு எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேரை நான் சொன்னதில்லை.

திரும்பி வர்றப்போ, குளத்துல சட்டையில்லாம சிரிக்கிற போட்டோவை ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பினான். வாழ்க்கையிலேயே முதல் தடவையா! ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. 'தலையை நல்லா துவட்டினியா?'

கிளம்பறதுக்கு முன்னாடி...

* ஐஸ்லாந்துக்கு ஷெங்கன் விசா போதும். ஷெங்கன் நாடுகள்ல படிக்கிறவங்களுக்குத் தனி விசா தொந்தரவு இல்லை.

* தண்ணி பாட்டில் வாங்காதீங்க. குழாய்ல வர்ற பச்சைத் தண்ணியே அருமையா இருக்கும். காலி பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

* வெள்ளி மோதிரம், கொலுசைக் கழட்டிட்டுக் குளத்துல இறங்குங்க. கந்தகம் பட்டா கறுத்துடும்.

* போட்டோவுல பார்த்து மயங்கின 'ப்ளூ லகூன்' வேற இடம். அது ஸ்வார்ட்செங்கி பூமிவெப்ப மின் நிலையத்துலேர்ந்து வெளியேறின தண்ணியில, 1976 வாக்கில் உண்டான குளம். பக்கத்துல 2023 டிசம்பர்லேர்ந்து எரிமலை பலமுறை வெடிச்சு, அடிக்கடி மூடித் திறந்திருக்காங்க. 2024 நவம்பர்ல கார் பார்க்கிங்கையே லாவா மூடிடுச்சு. போறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு செக் பண்ணிடுங்க.

* ஊற்றுகளைச் சுத்தி இருக்கிற கயிறு ஷோவுக்கு இல்லை. தாண்டாதீங்க. காலரைப் பிடிச்சு இழுக்க எல்லாருக்கும் ரூம்மேட் வாய்க்காது!